மூன்றாவது ஓலை

செல்லூர்,
6.4.2020

அன்புள்ள ஆஷ்லினுக்கு,

இங்கே அண்ணன், அண்ணி, நான் மூவரும் சுகம். அங்கே நீங்கள் இருவரும் சுகம்தான் என்று உன் அப்பா சொன்னார். அவரிடம் எதைக் கேட்டாலும் "நல்லாருக்கோம்" என்றுதான் பதில் வரும் என்பதால், உன்னிடமும் ஒரு முறை கேட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் உன் அப்பா போனை உன் கையில் கொடுத்தார். நீ பேசவில்லை. நானும் "சாப்பிட்டியாம்மா" என்ற ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டுவிட்டு வைத்தேன். நாற்பத்தோரு வயதிலும் எனக்குப் போனில் பேசத் தெரியவில்லை. அதனால்தான் கடிதம். மாநகராட்சியில் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை என்பதால், ஊரே அடைந்து கிடந்தாலும் உன் அப்பா தினமும் செல்லூர் வந்துதான் ஆக வேண்டும். அவரே நமக்குத் தபால்காரர். உறையைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருக்கிறேன். பிரித்துப் பார்த்திருந்தால் உனக்குத் தெரிந்துவிடும்.

உனக்குத் தெரிந்ததையே நானும் ஒரு முறை சொல்கிறேன். இந்த மாதம் இருபதாம் தேதி எனக்கும் உன் அப்பாவுக்கும் கல்யாணம் என்று பேசியிருந்தது. அதற்கு முன்னால் உங்கள் பங்குக் கோயிலிலும் எங்கள் கோயிலிலும் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லலாம் என்று. இரண்டு ஓலை ஆயிற்று. மூன்றாவதுக்குக் குறித்திருந்த மார்ச் 22 அன்று ஊரடங்கு, கோயில் பூட்டு. ஆகவே நான் உனக்கு இப்போதைக்கு முழுச் சொந்தம் இல்லை. மூன்றில் இரண்டு பங்குதான்.

கப்பலூரில் எங்கள் கம்பெனி ஸ்டோரில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றே பழகியவள் நான். இங்கே உட்கார முடியவில்லை. பரணைத் துடைத்தேன். அண்ணியின் மிக்சியைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். திரும்ப மாட்டியதில் ஒரு ஸ்குரு மிச்சம். அன்றிலிருந்து அண்ணி என்னோடு பேசுவதில்லை. தெருவில் விசைத்தறி ஒன்றும் ஓடவில்லை. அந்தச் சத்தம் இல்லாமல் பகல் முழுக்க என்னவோ விட்டுப்போன மாதிரியே இருக்கிறது. கல்யாணத்துக்குக் கட்டி வைத்த பெட்டியைப் பிரிக்க மனமில்லாமல், அதிலிருந்தே ஒவ்வொரு சேலையாக உருவிக் கட்டுகிறேன்.

நீ எப்படிப் பொழுதைப் போக்குகிறாய் என்று எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

பிரியமுடன்,
பிலோமினாள்

*

தல்லாகுளம்,
14.4.2020

பிலோமினாள் அவர்களுக்கு,

நலம். நீங்களும் நலம் என்று எழுதியிருந்தீர்கள்.

உறை பிரிக்கப்படவில்லை. ஆனால் எறும்பு வந்திருந்தது.

பள்ளிக்கூடத்திலிருந்து அப்பா போனுக்கு, வீட்டில் இருக்கும்போது உற்சாகமாக இருக்க இருபது வழிகள் என்று ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள். பதினெட்டை முடித்துவிட்டேன். ஐந்து நாள் ஆயிற்று. பதினான்காவது, தூரத்தில் இருக்கும் உறவினர் ஒருவருக்குக் கடிதம் எழுதுவது. நீங்கள் உறவினர் இல்லை. செல்லூர் தூரமும் இல்லை. வேறு ஆள் கிடைக்காததால் உங்களுக்கு எழுதுகிறேன்.

கோயிலை எப்போது திறப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் மட்டும் பதில் எழுதவும்.

இப்படிக்கு,
ஆ. ஆஷ்லின், ஏழாம் வகுப்பு (ஆல் பாஸ்)

*

செல்லூர்,
18.4.2020

ஆல் பாஸ் ஆஷ்லினுக்கு,

சுகம். உன் கடிதம் கிடைத்ததில் இன்னும் கொஞ்சம் சுகம். இந்த உறையை மைதாப் பசையில் ஒட்டியிருக்கிறேன். அதற்கும் எறும்பு வந்தால் உன் அப்பாவின் வண்டிப் பெட்டியைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

கோயில் எப்போது திறக்கும் என்று எங்கள் சாமியாருக்கே தெரியவில்லை. தெரியாது என்பதும் ஒரு பதில்தான் என்பதால் எழுதிவிட்டேன்.

அந்தப் பட்டியலை எனக்கும் எழுதி அனுப்பு. இங்கே மொட்டை மாடிக்கும் வாசலுக்கும் ஏறி இறங்கி என் செருப்பு தேய்ந்துவிட்டது. "ஒரு எடத்துல உக்காரமாட்டியா நீயி?" என்கிறார் அண்ணன். உட்கார்ந்தால் யோசனை வருகிறது. யோசனை வந்தால் எழுந்துவிடுகிறேன். சரி, பதினெட்டை முடித்தாயே, முடிக்காத இன்னொன்று எது?

பிரியமுடன்,
பிலோமினாள்

*

தல்லாகுளம்,
9.5.2020

பிலோமினாள் ஆன்ட்டிக்கு,

நாங்கள் நலம். அப்பாவுக்கு இரண்டு நாள் தும்மல் இருந்தது, தூசிதான் என்றார், நின்றுவிட்டது. உங்களுக்கு யாருக்கும் தும்மல் இல்லையே?

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை இருந்தது. தினமும் சாயங்காலம் டிவியில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று சொல்வதை நோட்டில் எழுதிக்கொள்கிறேன். இது பட்டியலில் இல்லை. அப்பா நோட்டை எடுத்து அலமாரி மேல் வைத்தார். நாற்காலி போட்டு எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது ஓலை இல்லாமலே கல்யாணம் செய்ய விலக்கு வாங்கலாம், இந்த மாதமே இருபது பேரோடு முடித்துக்கொள்ளலாம் என்று சாமியார் சொன்னாராம். நீங்கள்தான் வேண்டாம் என்றீர்களாம். ஏன்? எனக்காக என்று சொல்ல வேண்டாம்.

இன்னொன்று. கோயிலில் அந்தோணியார் பீடத்தில் வேண்டுதல் எழுதிப் போடும் சீட்டுப் பெட்டியை, கோயில் பூட்டியிருக்கும்போதும் யாராவது திறப்பார்களா? சும்மாதான் கேட்கிறேன்.

முடிக்காத இன்னொன்று, பத்தொன்பதாவது. நன்றாகத் தூங்குவது.

இப்படிக்கு,
ஆஷ்லின்

*

செல்லூர்,
12.5.2020

அன்புள்ள ஆஷ்லினுக்கு,

இங்கே யாருக்கும் தும்மல் இல்லை. வந்தாலும் அண்ணன் பயந்துபோய் அடக்கிக்கொள்வார்.

எதையும் முறைப்படி செய்ய வேண்டும் என்று நினைக்கிறவள் நான். ஸ்டோரில் கூட மூன்று கையெழுத்து இல்லாமல் ஒரு சாமானும் வெளியே போகாது. அதனால்தான் வேண்டாம் என்றேன். வேறொன்றும் இல்லை.

சீட்டுப் பெட்டிச் சாவி, கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம்தான் இருக்கும். செவ்வாய்க்கிழமை நவநாள் செபத்துக்குத்தான் திறந்து எடுத்து வாசிப்பார்கள். கோயில் பூட்டியிருந்தால் பெட்டியும் பூட்டுதான். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோணியார், எதையாவது தொலைத்துவிட்டு எழுதிப் போட்டாயா? என்னிடம் சொல்லு, நானும் தேடுகிறேன்.

உன் அப்பாவிடம் ஒரு டின் கொடுத்திருக்கிறேன். கம்பெனியில் கழித்துப் போட்ட போல்ட்டும் நட்டும், நான்கு அளவு, ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. தூக்கம் வராதபோது அளவு வாரியாகப் பிரித்துப் பார். எனக்கு இதுதான் மருந்து. அந்த நோட்டை மட்டும் கொஞ்ச நாளைக்குத் திறக்காதே என்று கேட்டுக்கொள்கிறேன். சொல்லவில்லை, கேட்டுக்கொள்கிறேன்.

பிரியமுடன்,
பிலோமினாள்

*

தல்லாகுளம்,
15.6.2020

பிலோமினாள் ஆன்ட்டிக்கு,

நலம்தானே? இங்கும் அப்படியே.

டின்னைப் பிரித்துவிட்டேன். நான்கு அளவு இல்லை, ஐந்து. உங்கள் ஸ்டோரில் யாரோ கவனிக்கவில்லை. எல்லாவற்றையும் மறுபடி கலந்து மறுபடி பிரித்தேன். ஏழு தடவை.

ஒரு பொதுவான கேள்வி. ஒருவர் கெட்டதை வேண்டிக்கொண்டு அது நடந்துவிட்டால், வேண்டாம் என்று பிறகு மாற்றி வேண்டினால் நிற்குமா? முதலில் கேட்டதுதான் கணக்கில் வருமா? ஞானோபதேசப் புத்தகத்தில் தேடினேன், இல்லை.

நோட்டைத் திறக்கவில்லை. எண்களை இப்போது மனத்தில் வைத்துக்கொள்கிறேன்.

ஆஷ்லின்

*

செல்லூர்,
20.6.2020

அன்புள்ள ஆஷ்லினுக்கு,

ஐந்து அளவு என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்கே வெட்கமாக இருந்தது. அந்த ஸ்டோருக்குப் பொறுப்பு நான்தான்.

உன் பொதுவான கேள்வியைப் பொதுவாக யாரும் கேட்கமாட்டார்கள். யார் அந்த ஒருவர்? என்னிடம் சொன்னால் என்னோடு நிற்கும். உன் அப்பா முகம் சோர்ந்திருந்தது, வெயில் என்கிறார். அவரை வெந்நீர் குடிக்கச் சொல். நீயும் குடி. பதில் எழுது.

பிரியமுடன்,
பிலோமினாள்

*

தல்லாகுளம், உன் வீட்டு முன்னறை,
4.7.2020, காலை

ஆஷ்லின்,

கதவைத் திறக்காதே. இது நான்தான், பிலோமினாள். கதவுக்கு அடியில் தள்ளுகிறேன்.

இரண்டு வாரமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. நான்கு நாளாக உன் அப்பாவும் செல்லூர்ப் பக்கம் வரவில்லை. இன்று காலை உங்கள் வீட்டுச் சொந்தக்காரம்மா கனகலட்சுமி போன் செய்தார். அப்பாவுக்குக் காய்ச்சல், தொற்று இருக்கிறது என்று நேற்றே ஆம்புலன்ஸில் சிகிச்சை மையத்துக்குக் கூட்டிப் போய்விட்டார்கள், உனக்கும் பரிசோதனை எடுத்தாயிற்று, முடிவு வரும் வரை தனியறை என்றார். "படியில சாப்பாடு வச்சா அப்படியே இருக்கு. புள்ள வாயே தெறக்க மாட்டேங்குது" என்றார். நானும் கதவுக்கு வெளியே நின்று நான்கு தடவை கூப்பிட்டேன். உனக்குப் பேச வராதபோது எழுத வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு நோட்டுத் தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

கிளம்பும்போது அண்ணன் வாசலில் மறித்துக்கொண்டார். "மூணாவது ஓலையே வாசிக்கல. எந்த மொறையில அந்த வீட்டுக்குப் போற நீ?" என்றார். "வாசிக்கிற வரைக்கும் புள்ள பட்டினி கெடக்கணுமாண்ணே?" என்றேன். அண்ணி உள்ளேயிருந்து ஒரு தூக்கு நிறைய ரசமும் சோறும் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு இன்றுதான் என்னோடு பேசினாள். "போ" என்று.

வண்டியை விடமாட்டார்கள் என்று நடந்தே வந்தேன். கோரிப்பாளையத்தில் போலீஸ்காரர் நிறுத்தினார். "எங்கம்மா போற?" "புள்ளைக்குச் சோறு குடுக்க." "யாரு புள்ள?" என் பிள்ளை என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னதற்கு மன்னித்துக்கொள்.

உன் அப்பாவிடம் போனில் பேசினேன். மூச்சு நன்றாக இருக்கிறது, காய்ச்சல்தான். "நல்லாருக்கோம்" என்றார். ஒற்றை ஆள் இருந்துகொண்டு இருக்கோமாம்.

சோற்றைக் கதவோரம் வைத்துவிட்டு மாடிக்குப் போகிறேன். நான் ஏறுகிற சத்தம் கேட்ட பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு எடுத்துக்கொள். ஒரு வரியாவது எழுது.

பிலோமினாள்

*

உள் அறை,
4.7.2020

எனக்குக் காய்ச்சல் இல்லை. ரசம் நன்றாக இருந்தது. பாதிதான் சாப்பிட முடிந்தது.

நீங்கள் இங்கே இருக்கக் கூடாது. காரணத்தை எழுதுகிறேன். படித்தால் நீங்களே போய்விடுவீர்கள்.

அப்பாவுக்கு வந்தது என்னால்தான். எல்லோருக்கும் வந்தது என்னால்தான்.

இரண்டாவது ஓலை வாசித்த அன்று அப்பா அலமாரியில் அம்மா சேலை இருந்த தட்டைக் காலி செய்தார். உங்கள் சேலைக்கு இடம் வேண்டும் என்றார். அம்மா இறந்து நான்கு வருஷமாக அந்தத் தட்டை யாரும் தொட்டதில்லை. எல்லாவற்றையும் சாக்கில் கட்டிப் பரணில் போட்டார்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, மார்ச் 17, அந்தோணியார் நவநாளுக்குப் போனோம். பெட்டியிலிருந்து சீட்டையெல்லாம் எடுத்து வாசித்து முடித்த பிறகு நான் ஒரு சீட்டுப் போட்டேன். மனிதர்கள் வாசிக்கக் கூடாது, அந்தோணியார் மட்டும் வாசித்தால் போதும் என்றுதான் பிந்திப் போட்டேன். "மூன்றாவது ஓலையை வாசிக்க விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் பூட்டியிருக்க வேண்டும்." இதுதான் எழுதியது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் பூட்டியிருந்தது.

நான் எங்கள் கோயிலை மட்டும்தான் கேட்டேன். எல்லாக் கோயிலையும் கேட்கவில்லை. பஸ்ஸை, கடையை, ஒன்றையும் கேட்கவில்லை. யாரும் சாக வேண்டும் என்று கேட்கவே இல்லை. மாற்றி வேண்டிப் பார்த்துவிட்டேன், நூறு தடவைக்கு மேல். சீட்டு பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, அதை எடுத்தால்தான் நிற்கும். எடுக்க முடியவில்லை. அப்பா செத்துப்போனால் நான் என்ன செய்வேன்?

*

முன்னறை,
4.7.2020, மதியம்

என் ஆஷ்லினுக்கு,

மாடிக்குப் போகவில்லை. படியில் உட்கார்ந்துதான் படித்தேன். முதலில் மீதி ரசத்தைச் சாப்பிடு. நான் எங்கும் போகவில்லை.

நீ கணக்கில் கெட்டிக்காரி, ஐந்தாவது அளவைக் கண்டுபிடித்தவள். இதையும் பார். நீ சீட்டுப் போட்டது பதினேழாம் தேதி. உங்கள் பள்ளிக்கூடத்துக்கு லீவு என்று சொன்னது அதற்கு முந்தின நாள். வெளிநாடுகளில் ஜனங்கள் சாக ஆரம்பித்தது அதற்கும் இரண்டு மாதம் முன்னால். அந்த நோய் உன் சீட்டைப் பார்த்துக் கிளம்பவில்லை.

இன்னொன்று. எனக்குக் கல்யாணம் ஆக வேண்டும் என்று என் அண்ணி அதே அந்தோணியாருக்குப் பதினைந்து வருஷம் செவ்வாய் தவறாமல் சீட்டுப் போட்டாள். அவ்வளவு நிதானமாக வேலை பார்க்கிறவர், உன் ஒரு சீட்டுக்கு ஐந்தே நாளில் உலகத்தைப் பூட்டிவிடுவாரா? அண்ணிக்குத் தெரிந்தால் அவரிடம் சண்டைக்குப் போய்விடுவாள்.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். மே மாதம் நீ கேட்டதற்கு நான் எழுதிய பதில் முழுதும் உண்மை இல்லை. முறை, கையெழுத்து என்றெல்லாம் எழுதினேன். மார்ச் 22 காலையில் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு நின்றேன். கோயில் இல்லை என்றார்கள். சேலையைக் கூட மாற்றாமல் படுத்து, ஒரு மாதமாக வராத தூக்கம் தூங்கினேன். எனக்கு அவ்வளவு நிம்மதி. இத்தனை வயதுக்குப் பிறகு இன்னொரு வீடு, பேசாத ஒரு பெண்பிள்ளை, நான் வைத்த இடத்தில் இல்லாத சாமான்கள் என்று பயந்து கிடந்தேன். விலக்கு வேண்டாம் என்றது அந்தப் பயத்தில்தான். உன் அப்பாவுக்கு இது தெரியாது. கோயில் பூட்டியதில் சந்தோஷப்பட்டது பாவம் என்றால், உன்னோடு சேர்த்து என்னையும் நிற்க வைக்க வேண்டும்.

இன்று கோரிப்பாளையத்தில் நிற்கும்போது அந்தப் பயம் இல்லை. வேறு பயம்தான் இருந்தது, நீ சாப்பிட்டிருப்பாயா என்று.

சாக்கைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். உன் அறைக் கதவு திறந்ததும் அம்மா சேலைகளை நீயே அதே தட்டில் அடுக்கு. என் சேலைக்கு என் பெட்டி போதும்.

அப்பா வருவார். எனக்கு உறுதியாகத் தெரியாது, ஆனால் வருவார் என்றுதான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

பிலோமினாள்

*

செல்லூர்,
30.8.2020

அன்புள்ள ஆஷ்லினுக்கு,

உன் அப்பாவின் இருமல் முழுக்க நின்றுவிட்டதா? வீடு திரும்பி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று கனகலட்சுமி சொன்னார். உன் அப்பா சொல்லமாட்டார், நீ எழுது. உனக்குத் தொற்று இல்லை என்று வந்த அன்று நீ கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, "மிக்சியத் தொட்டீங்களா?" என்று கேட்டதை அண்ணியிடம் சொன்னேன். இன்னும் சிரிக்கிறாள்.

வருகிற செவ்வாய், செப்டம்பர் ஒன்று, கோயில்களைத் திறக்கிறார்கள். செவ்வாய் என்றால் பெட்டியையும் திறப்பார்கள். ஆறாம் தேதி ஞாயிறு மூன்றாவது ஓலை.

உன் சீட்டைக் கோயில்பிள்ளையிடம் சொல்லி நான் வாங்கிவிடலாம். வாங்கப் போவதில்லை. அது உன்னுடையது. தடை இருந்தால் சொல்லலாம் என்று மூன்று தடவை கேட்பதே சும்மா இல்லை, அதைச் சொல்ல மற்ற யாரையும் விட உனக்குத்தான் உரிமை. இன்னும் உன் மனத்தில் அதுதான் இருந்தால் சீட்டு அங்கேயே இருக்கட்டும், வாசிக்கட்டும். எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். இப்போது ரொம்பக் கஷ்டமாக இருக்கும். ஆனால் உன்மேல் கோபம் வராது, கடிதமும் நிற்காது. உன் அப்பாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த ஒரு வாரம் எப்படிப் போகும் என்று தெரியவில்லை. மாடிப்படி இருக்கிறது.

பிரியமுடன்,
பிலோமினாள்

*

தல்லாகுளம்,
6.9.2020

சித்திக்கு,

நாங்கள் இருவரும் நலம். அப்பாவுக்கு ஒரு மாடி வரை மூச்சு வாங்குவதில்லை. நீங்கள் படி ஏறுவதை நிறுத்திவிட்டு இதைப் படிக்கவும்.

செவ்வாய்க்கிழமை பூசைக்கு முன்னாலேயே போனேன். கோயில்பிள்ளையிடம் சீட்டைத் திருப்பிக் கேட்டேன். "போட்ட சீட்டத் திருப்பிக் கேக்குற மொத ஆளு நீதாம்மா" என்று சொல்லி எல்லாவற்றையும் மேசையில் கொட்டினார். எட்டாக மடித்தது என்னுடையது ஒன்றுதான். எடுத்துக்கொண்டேன். வேறொன்று எழுதிப் போட்டேன். "அப்பாவைக் காப்பாற்றியதற்கு நன்றி. மற்றதை நானே பேசிக்கொள்கிறேன்." அதை வாசித்தார்கள், பெயர் சொல்லவில்லை.

இன்று ஓலை. உங்கள் கோயிலில் எப்படி வாசித்தார்கள் என்று தெரியாது. இங்கே ஒரு பெஞ்சுக்கு இரண்டு பேர், எல்லோருக்கும் முகக்கவசம். சாமியார், "இத்திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள்" என்று சொல்லி நிறுத்தினார். அப்போது பார்த்து எனக்கு இருமல் வந்துவிட்டது. கோயில் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்தே போய்விட்டார்கள். சாமியார் ஓலையைக் கீழே வைத்துவிட்டு, "என்னம்மா?" என்றார். அப்பா முகம் வெளுத்துவிட்டது. நான் எழுந்து நின்று சத்தமாகச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

"தடை இல்ல ஃபாதர். இருமல்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், அப்புறம் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். அது பாதி உண்மையான இருமல். மீதி எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

பதினான்காம் தேதி கல்யாணத்துக்கு வரும்போது அந்தப் பெட்டியைக் கொண்டுவாருங்கள். அம்மா சேலைகள் அவற்றின் தட்டில் இருக்கின்றன. உங்கள் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலேயே வைத்திருக்க முடியாது, கரப்பான் வரும். என் உடுப்பை ஒரு தட்டுக்குள் அடக்கி, கீழ்த் தட்டைக் காலி செய்து துடைத்து வைத்திருக்கிறேன். மிக்சி பக்கம் மட்டும் போக வேண்டாம்.

இப்படிக்கு,
ஆஷ்லின்